தெருவில் உறங்குபவருக்கு முதலில் எது: ஆதாரா, ஓட்டர் ஐடியா, பாஸ்புக்கா?

ஆதார் எடுக்கப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். ரேஷன் கார்டு இருந்தால் போதும் என்கிறார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் ஆதார் எண் இல்லாமல் விண்ணப்பத்தையே திறக்க முடியாது. வங்கிக்குப் போனால் ஆதார் அல்லது ஓட்டர் ஐடி என்கிறார்கள். வீடு இருக்கிறவர்களுக்கு இது ஒரு வாரத்து அலைச்சல். சென்னை வால்டாக்ஸ் சாலையிலோ, பாரிமுனையிலோ, ஜி.எச். எனும் அரசுப் பொது மருத்துவமனை வாசலிலோ இரவு படுக்கிறவருக்கு இது பல வருடம் சுற்றியும் முடியாத வட்டம்.

சென்னையில் தெருவோரம் வாழ்பவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையில் சில வருடங்களாக நானும் கூடமாட நிற்கிறேன். புதிதாக உதவ வருகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எதை முதலில் எடுக்கலாம்?" பெரும்பாலும் யோசிக்காமல் ஆதார் என்று தொடங்கிவிடுகிறார்கள். பல பேருக்கு அது சரிதான். ஆனால் எல்லோருக்கும் அல்ல. நான் பார்க்கிற கணக்கு வேறு. எந்த அலுவலகம் காகிதத்துக்குப் பதிலாக ஒரு மனிதரின் சொல்லை ஏற்றுக்கொள்கிறது, அந்தச் சொல்லைத் தர இவருக்கு யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டும் எங்கே பொருந்துகிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. "ஆதார் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கையில் அட்டை இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "முன்னாடி எப்பவாவது கண்ணையும் பத்து விரலையும் படம் எடுத்தாங்களா?" அப்போது, "ஆமாம் தம்பி, ஊர்ல பள்ளிக்கூடத்துல வச்சு எடுத்தாங்க" என்று வரும். தமிழ்நாட்டில் ஆரம்ப வருடங்களில் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்தார்கள். அதில் பதிந்து, கார்டு வீட்டுக்கு வரும் முன்பே ஊரை விட்டு வந்தவர்கள் உண்டு. கார்டு வந்து, மழையிலோ ரயிலிலோ பையோடு தொலைத்தவர்களும் உண்டு.

இது ஏன் முக்கியம் என்றால், பழைய பதிவு இருக்கிறவருக்குப் புதிதாகப் பதிந்தால் விரல் ரேகையும் கருவிழியும் ஏற்கெனவே இருப்பதோடு ஒத்துப்போய் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்தச் சேதி தெரிய வருவதற்குள் வாரங்களும் மாதங்களும் போய்விடும். அதற்குப் பதிலாக ஆதார் சேவை மையத்தில் ரேகையை வைத்துப் பழைய எண்ணைத் தேடி, சிறு கட்டணத்தில் அச்செடுத்துக்கொள்ள முடியும். அரை நாளில் முடிகிற வேலை. பழைய போன் நம்பர் கையில் இருந்தால் 1947 என்ற உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். "இவருக்கு எதுவுமே இல்லை" என்று நாங்கள் நினைத்த எத்தனையோ பேருக்குத் தேடினால் எண் கிடைத்திருக்கிறது.

சரி, உண்மையிலேயே எதுவும் இல்லாதவர் என்று வைத்துக்கொள்வோம்.

ஆதாரின் பெரிய பலம், எல்லாக் கதவுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது. முதல் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2016 ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 5 ஆவது பிரிவு, நிரந்தரக் குடியிருப்பு இல்லாதவர்களுக்கு ஆதார் கிடைக்கச் சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆதார் ஆணையத்துக்கே கடமை விதிக்கிறது. வீட்டு முகவரி இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

காகிதம் இல்லாதவருக்கு ஆதார் வைத்திருக்கிற வழி, ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதப்பட்ட சான்றிதழ். அதில் புகைப்படம் ஒட்டி, பெயர், முகவரி எழுதி, தகுதியுள்ள ஒருவர் கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும். கெஜட்டட் அதிகாரி, தாசில்தார், எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆகியோர் போடலாம். மூன்று மாதம்தான் செல்லும். முத்திரை புகைப்படத்தின் மேல் படும்படி இருக்க வேண்டும். ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தால்கூடத் திருப்பிவிடுவார்கள். அதனால் நாங்கள் எப்போதும் இரண்டு பிரதி நிரப்பிக்கொண்டு போவோம்.

யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதே ஒரு தனித் தேர்வு. என் அனுபவத்தில் காப்பகப் பொறுப்பாளர்தான் முதல் தேர்வு. மாநகராட்சி நடத்தும் வீடற்றோர் காப்பகத்தில் தங்கியிருப்பவரை அவர் தினமும் பார்க்கிறார், பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கம் இருக்காது. இரண்டாவது கவுன்சிலர். வார்டில் பத்து, இருபது வருடமாக நடைபாதையில் குடும்பமாக வாழ்கிறவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். தனி ஆளாக, போன மாதம்தான் வந்தவர் என்றால் யோசிப்பார். யோசிப்பதில் தவறும் இல்லை. கெஜட்டட் அதிகாரியிடம் முன்பின் தெரியாதவருக்காகப் பச்சை மை கையெழுத்து வாங்குவது மூன்றிலும் கடினம். ஆனால் ஜி.எச்.சில் ஒரு மாதம் படுத்திருந்து எழுந்தவர் என்றால் அவருக்கு வைத்தியம் பார்த்த அரசு டாக்டரைக் கேட்கலாம். அவருக்கு இவரைத் தெரியும்.

குடும்பத்தில் ஒருவருக்காவது ஆதார் இருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. குடும்பத் தலைவர் என்ற முறையில் அவரே நேரில் வந்து, உறவைக் காட்டும் சான்றோடு, தன் ரேகையையும் வைத்து மற்றவரைப் பதியலாம். நடைபாதைக் குடும்பங்களில் முதலில் அம்மாவுக்கு எடுத்துவிட்டால் பிள்ளைகளின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

இனி ஆதாரின் பலவீனங்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய ஒருவர் முதல்முறை பதிந்தால் இப்போது மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போகிறது. 180 நாள் வரை ஆகலாம் என்று ஆதார் ஆணையமே சொல்கிறது. ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஒருநாள் அதிகாரி விசாரிக்க வரலாம். அன்று ஆள் அந்த இடத்தில் இருக்க வேண்டும், அல்லது அவர் எங்கே என்று சொல்ல யாராவது இருக்க வேண்டும்.

இன்னொன்று விரல். கொத்தவால்சாவடிப் பக்கம் மூட்டை தூக்கிய ஒரு பெரியவரை மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கருவி ஒவ்வொரு விரலுக்கும் சிவப்பு காட்டியது. ஆபரேட்டர் பெண் பொறுமையானவர். ஈரத் துணியால் விரலைத் துடைத்தார், தன் கையால் அழுத்திப் பிடித்தார், மறுபடி சிவப்பு. பெரியவர் விரலைத் தன் சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். "வேலை செஞ்ச கைம்மா, அதான்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். கடைசியில் கருவிழி பதிந்தது, வேலை முடிந்தது. ரேகை தேய்ந்தவர்களுக்கும், தொழுநோயில் விரல் இழந்தவர்களுக்கும் விதிவிலக்குப் பதிவு உண்டு. ஆபரேட்டருக்குத் தெரியாவிட்டால் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். ரேகை இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

வயதும் கவனம். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத பெரியவர்கள் தாங்களே சொல்லும் வயதைப் பதிய வழி இருக்கிறது. அவசரத்தில் "ஐம்பது போடுங்க" என்று சொல்லிவிட்டால், அறுபதில் கிடைக்க வேண்டிய முதியோர் உதவித்தொகை பத்து வருடம் தள்ளிப்போகும். பிறகு திருத்துவது லேசில்லை. அதனால் மையத்துக்குப் போகும் முன் டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? இந்திராவைச் சுட்டபோது என்ன வேலை பார்த்தீர்கள்? 1987, 1984 என்று இரண்டு புள்ளி கிடைத்தால் வயது ஏறக்குறைய வந்துவிடும்.

அடுத்தது ஓட்டர் ஐடி. பலருக்குத் தெரியாத ஒன்று இதில்தான் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் நடைமுறைப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 இல், வீடற்றவர் தான் படுக்கிற இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., இரவில் அங்கே வந்து பார்க்க வேண்டும். ஓர் இரவு மட்டுமல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள். அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதியானால் முகவரிக்கு வேறு எந்தக் காகிதமும் தேவையில்லை. படிவத்தில் "என்னிடம் ஆதார் இல்லை" என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. பட்டியலில் சிலருக்கு வீட்டு எண் பூஜ்யம் என்று இருப்பது பற்றி 2025 இல் பெரிய சர்ச்சை எழுந்தபோது, வீடில்லாமல் பாலத்தடியிலும் விளக்குக் கம்பத்தடியிலும் உறங்குகிறவர்களும் வாக்காளர்கள்தான் என்று தலைமைத் தேர்தல் ஆணையரே விளக்கம் சொன்னார்.

உறங்குகிற இடமே சான்று என்று ஒப்புக்கொள்கிற வேறு அலுவலகம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் நடைமுறையில் இரவு பத்தரைக்குப் பி.எல்.ஓ.வை அழைத்து வருவது யார்? அவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். பகல் வேலை முடித்து, வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வருகிற பெண்ணாக இருப்பார். ஒருமுறை பாரிமுனைக்கு அப்படி ஒருவர் வந்தார். ஷட்டர் இறக்கிய கடைகளின் முன்னால் வரிசையாகப் படுத்திருந்தவர்களை எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் பெயரையும் மெதுவாகக் கூப்பிட்டார். ஒரு பாட்டி போர்வையை விலக்கி, "இங்கதான்மா இருக்கேன், இருபது வருசமா" என்றார். இரண்டாவது இரவும் அவர் வந்தார். இப்படிப்பட்டவர் கிடைத்தால் வேலை நடக்கும். கிடைக்காவிட்டால், பகலில் வந்து "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவதும் நடந்திருக்கிறது. அதனால் படிவத்தோடு, இரவு எத்தனை மணிக்கு எங்கே பார்க்கலாம் என்று தனித் தாளில் எழுதி இணைப்பதும், அந்த இரவுகளில் நாமும் கூடவே நிற்பதும் அவசியம்.

ஆக, இது ஒரே இடத்தில் நிலையாகப் படுக்கிறவர்களுக்கான வழி. இன்று சென்ட்ரல், நாளை எழும்பூர் என்று இடம் மாறுகிறவருக்கு இது உதவாது. இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் போய்த்தான் படிவம் கொடுத்தார்கள். வீடே இல்லாதவர்கள் விட்டுப்போகிற ஆபத்து அதில் அதிகம். பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்தவர்களிடம், பழைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த விவரம் கேட்கும் உறுதிமொழியும் வாங்கினார்கள். சின்ன வயதிலேயே ஊரை விட்டு ஓடிவந்தவர் அதற்கு எங்கே போவார்? கையில் பழைய ஓட்டர் ஐடி இருந்தாலும் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று 1950 என்ற உதவி எண்ணில் கேட்டுப் பார்த்துவிட்டு மற்ற வேலைகளுக்குப் போவது நல்லது.

மூன்றாவது வழி பாஸ்புக். வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ரிசர்வ் வங்கி விதிகளில் "சிறு கணக்கு" என்று ஒன்று உண்டு. அடையாளச் சான்று ஏதும் இல்லாதவர், ஒரு புகைப்படத்தோடு வங்கி அதிகாரியின் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கணக்குத் தொடங்கலாம். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கூலி வேலை செய்து தெருவில் படுக்கிறவருக்கு இந்த வரம்புகள் ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு மாதம் செல்லும். அதற்குள் ஆதாருக்கோ ஓட்டர் ஐடிக்கோ விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் பன்னிரண்டு மாதம் நீட்டிப்பார்கள்.

இதன் குறை, கிளையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே இப்படி ஒரு கணக்கு இருப்பது பல நேரம் தெரியாது. ஆதார் இல்லாமல் கணினியில் போகாது என்பார்கள். விதியை அச்செடுத்துக்கொண்டு மேலாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. இரண்டு கிளைகளில் முடியாது என்றார்கள், மூன்றாவதில் முடிந்தது. ஆனால் முடிந்த அன்றே பலன் தெரியும். தெருவில் படுக்கிறவர்களுக்கு மிகப் பெரிய பயம் தூக்கத்தில் பணம் திருட்டுப்போவது. கூலியை இடுப்பில் சுருட்டி வைத்துக்கொண்டு பாதித் தூக்கம் தூங்கிய மனிதர், கணக்கு வந்த பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொன்னதை மறக்கவே முடியாது. அவருக்கு அது அடையாள அட்டையாகக்கூடப் படவில்லை. அப்புறம், புகைப்படம் ஒட்டி முத்திரை விழுந்த பாஸ்புக் மற்ற அலுவலகங்களில் பேச்சைத் தொடங்கவும் உதவுகிறது.

ரேஷன் கார்டை முதலில் எடுக்கலாமா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, முதலில் வேண்டாம். தமிழ்நாட்டில் ஆதார் இல்லாமல் அது நகராது. தனி ஆளுக்கு இலவச அரிசி கிடைத்தாலும் அடுப்பு, பாத்திரம், வைக்க இடம் எதுவும் இல்லை. அவருக்கு அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி போதும், அங்கே எந்த அட்டையும் கேட்பதில்லை. நடைபாதையில் அடுப்பு மூட்டிக் குடும்பமாக வாழ்பவர்களுக்கு நிலைமை வேறு. அரிசி மட்டுமல்ல, மகளிர் உரிமைத்தொகை, முதல்வர் மருத்துவக் காப்பீடு எல்லாம் அந்தக் கார்டைத் தொட்டுத்தான் வருகின்றன. அவர்களுக்கு ஆதார் வந்த மறுநாளே ரேஷன் கார்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த பெண்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். பெயர் கணவர் வீட்டுக் கார்டில் இருக்கும். நீக்கினால்தான் புதிதாகச் சேர்க்க முடியும், நீக்கப் போனால் அங்கே தெரிந்துவிடும். அவசரப்படுத்தாமல், அவர் தயாரான பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

எந்த அட்டையாக இருந்தாலும் தபாலில் வரும் முகவரி ஒன்று வேண்டும். காப்பக முகவரி கிடைத்தால் அதுவே நல்லது. ஆள் வேறு இடம் போனாலும் கடிதம் பத்திரமாக இருக்கும். தெரிந்த டீக்கடையோ இஸ்திரிக் கடையோ இருந்தால் அதுவும் சரி, கடைக்காரர் மனமுவந்து சொல்லியிருக்க வேண்டும், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். உதவுகிறவர் தன் சொந்த வீட்டு முகவரியைக் கொடுப்பதை நான் தவிர்க்கச் சொல்வேன். அதைவிட முக்கியம் போன் நம்பர். நல்லெண்ணத்தில் நம் நம்பரை அவருடைய ஆதாரில் இணைத்துவிடுகிறோம். பிறகு அவருடைய ஆதாருக்கு வரும் ஓ.டி.பி. முழுதும் நமக்கு வரும். நாம் ஊர் மாறிப்போனால் அவர் கதி என்ன? நம்பர் இல்லாவிட்டால் இல்லாமலே பதியலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த அட்டையை எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் எங்களுக்கு நல்ல விடை கிடைக்கவில்லை. மழைக்காலத்திலும், நடைபாதையைக் காலி செய்யும் நாட்களிலும் போகிற முதல் பொருள் பைதான். இப்போதைக்குச் செய்வது இது: அசலைக் காப்பகத்துப் பூட்டுப் பெட்டியில், அவர் பெயர் எழுதிய உறையில் வைப்பது, எப்போது கேட்டாலும் கேள்வி கேட்காமல் கொடுப்பது. லேமினேட் செய்த நகல் ஒன்று அவர் இடுப்புப் பையில். எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

என் முடிவு இதுதான். காப்பகத்தில் இருப்பவருக்குப் பொறுப்பாளர் சான்றோடு நேராக ஆதார். வருடக்கணக்கில் ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பத்துக்கு ஆதாரும் படிவம் 6 உம் ஒரே வாரத்தில், ஏனென்றால் ஒன்று தாமதமானாலும் மற்றது கைகொடுக்கும். தினக்கூலிக்குப் போகும், இடம் மாறிப் படுக்கும் தனி ஆளுக்கு முதலில் சிறு கணக்கு. அதற்காகச் சேர்ந்து நாலு முறை அலைவதற்குள் நமக்கும் அவரைத் தெரிந்துவிடும், கவுன்சிலரிடம் சொல்லவும் ஒரு வார்த்தை இருக்கும்.

எதுவும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. எழும்பூர் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார். ரேகை வைத்தால் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தான் இங்கே இருப்பது தெரிந்துவிடுமோ என்று பயம். ரேகையை வைத்து யாரும் ஊருக்குச் சொல்ல மாட்டார்கள் என்று விளக்கினேன், கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. போன மாதம் சிறு கணக்கைப் பற்றிச் சொன்னேன். "கண்ணைப் படம் எடுக்க மாட்டாங்களா?" என்றார். இல்லை, ஒரு போட்டோவும் கைநாட்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாடியை எடுத்துவிட்டு வருகிறேன், போட்டோவுக்கு நன்றாக இருக்க வேண்டும் என்றார். வரும் திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்.